அவர் கைக்கு அளந்த வார்

கல் விடுகிற கவட்டைக்கு ரப்பர் வெட்டிக் கட்டுவதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்லுகிறேன். என் வீட்டுக்காரர் சீவலப்பேரிப் பக்கத்து ஆற்றங்கரை வயல்களில் கிளி விரட்டும் காவலுக்கு இருந்தார். நெல் பால்பிடிக்கிற நாளிலிருந்து அறுப்பு வரை அவருக்குப் பகலெல்லாம் வரப்புதான். ஊரார் அவருடைய கவட்டைக் குறியைப் பேசுவார்கள். அந்தக் கவட்டைக்கு வார் வெட்டினது, கல் வைக்கிற தோல் தைத்தது, முடிச்சுப் போட்டது எல்லாம் கல்யாணமாகி வந்ததிலிருந்து நான். அது ஊராருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், அது போதும்.

சைக்கிள் டியூபில் சிவப்பு என்றும் கருப்பு என்றும் உண்டு. சிவப்பு டியூப் பசுவின் காம்பு மாதிரி இழுபடும், விட்டவுடன் சடாரென்று சுருங்கும். கருப்பு விறைப்பு. இழுக்கிற கைக்குப் பாடு அதிகம், கல்லுக்கு வேகம் குறைவு. லாரி டியூப் சும்மா தடி ரப்பர், அதை இழுத்துத் தோள்பட்டை பிசகினவர்கள் உண்டு. பழைய டியூபை வாங்கினால் வெயிலுக்கு நேரே இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு தெரிந்தாலும் வேண்டாம், இழுக்கும்போது அறுந்து கண்ணில் அடிக்கும். இரண்டு வாரும் ஒரே டியூபில், பக்கத்துப் பக்கத்தில் வெட்டினதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கல் ஒரு பக்கமாகச் சாயும். கவட்டையில் கட்டுகிற முனை அகலமாகவும், தோலில் கட்டுகிற முனை கொஞ்சம் ஒடுங்கியும் வெட்டினால் கல் துள்ளிப் போகும்.

நீளம்தான் முக்கியம். இடது கையை நீட்டிக் கவட்டையைப் பிடித்தால், அந்த முட்டியிலிருந்து வலது காது வரைக்கும் ஒரு நூலைப் பிடிப்பேன். அந்த நூலை நாலாக மடித்தால் வரும் நீளம்தான் சிவப்பு டியூப் வாருக்கு. கருப்பு என்றால் மூன்றாக மடிக்க வேண்டும். அவர் காது மடலை நூல் தொடும்போது கூச்சப்பட்டு, "சீக்கிரம் அளட்டி, எவளாவது பாத்தா சிரிக்கப் போறா" என்பார்.

காவல் என்றால் கிளியை அடிப்பது இல்லை. அடித்தால் ஒன்று விழும், மற்றது மறுபடி வரும். கல் கதிரிலும் விழக் கூடாது. கிளிக்கூட்டத்துக்கு ஒரு முழம் மேலே 'விர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டு போக வேண்டும். அந்தச் சத்தத்துக்குத்தான் கிளி எழும்பும். ஆற்றில் பொறுக்கிய உருண்டைக் கல்லை நல்ல வாரில் காது வரை இழுத்து விட்டால்தான் அந்தச் சத்தம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பிசான நெல் பருவம். நாற்று நட்டு முடிந்த சமயம் அவருக்கு வாதம் வந்தது. வாய் கோணவில்லை, கால் தப்பித்தது. வலது கை மட்டும் தோளிலிருந்து கீழே அவர் சொல்வதைக் கேட்கவில்லை. ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து, எண்ணெய் தேய்த்து, ஒருவழியாக விரல் மடங்கியது. கதிர் தலைகாட்டும்போது, "நான் காவலுக்குப் போறேன்" என்று எழுந்துவிட்டார்.

வயல்காரர் திருநெல்வேலி டவுனில் இருந்தார். ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றுகொண்டே கேட்டார்.

"என்ன வே, கை எப்படி இருக்கு? முடியலன்னா சொல்லிரும். பக்கத்தூர்ல ஒருத்தன் நான் வாறேன் நான் வாறேன்னு நிக்கான்."

"நல்லா இருக்கு மொதலாளி. கிளி எறங்குனா என்னய வந்து கேளுங்க."

"கேக்கத்தான செய்வேன். பத்து நாள் பாப்பேன் வே. பொறவு என்னயக் கொற சொல்லக் கூடாது."

அவர் போனபின் இவர் கவட்டையை எடுத்து இழுத்தார். வார் நாலு விரற்கடைகூட வரவில்லை, தோல் கையை விட்டு நழுவியது. கையை மாற்றிப் பிடித்தார். நோய்ப்பட்ட கையில் கவட்டை நிற்கவில்லை, ஆடியது. என்னைப் பார்க்காமலே, "ரப்பரு இறுகிப்போச்சு, வேற மாத்து" என்றார். அந்த ரப்பர் இறுகவில்லை. அந்த வருஷம் நான் வெட்டினதிலேயே நல்ல ரப்பர் அதுதான். "ஆமா, வெயில்ல கெடந்து இறுகிட்டு" என்றேன்.

சைக்கிள் கடைக்காரர் எனக்குக் கொழுந்தன் முறை. மெல்லிசான சிவப்பு டியூப் வேண்டும் என்று கேட்டேன்.

"என்ன மைனி, அண்ணனுக்குக் கை தேறிட்டா? இல்ல நீங்களே குருவி சுடப் போறியளா?"

"ஒன் வாய்க்குத்தான் மொதல்ல சுடணும். எடு."

"செவப்பெல்லாம் இப்ப எங்க வருது? எல்லாம் கருப்புதான். இந்தா, ஒண்ணு பழசு கெடக்கு, மெலிஞ்சு போனது. கவட்டைக்கு ஆவாது."

"மெலிஞ்சதுதான் வேணும்" என்றேன். அவர் அதற்குமேல் கேலி பேசவில்லை. காசு நீட்டினேன், வாங்கமாட்டேன் என்றார். பலகை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் கை இப்போது காது வரை போகாது, நெஞ்சு வரைதான். அதனால் நீளத்தைக் குறைத்தேன். அகலத்தையும் பாதியாக்கினேன். விரல் பிடிப்பதற்கு வாகாக இருக்கட்டும் என்று தோலின் பின்பக்கம் ஒரு புளியங்கொட்டையை வைத்துத் தைத்தேன். அந்தப் புடைப்பைப் பிடித்தால் நழுவாது. இத்தனை மெல்லிசான வாருக்கு ஆற்றுக் கல் கனம். ஆகவே களிமண்ணைச் சிறு உண்டையாக உருட்டி வெயிலில் காயவைத்தேன். கொல்லையில் இழுத்துப் பார்த்தார். நெஞ்சு வரை வந்தது. உண்டை வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

"பாத்தியாட்டி?" என்றார். பார்த்தேன்.

வயலில் அது போதவில்லை. உண்டை பாதி வயல் போய்ச் சத்தமில்லாமல் விழுந்தது. கிளிகள் அந்தப் பக்கத்திலேயே நிம்மதியாகக் கதிரைக் கடித்துக்கொண்டிருந்தன. நான் இன்னும் ஒடுக்கி வெட்டிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன். ரப்பருக்குத்தான் வழி உண்டு, கைக்கு வழி இல்லை. இரண்டாம் நாள் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் நான் புல் அறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வயலுக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரைத் தாழம்புதருக்குள் போய் உட்கார்ந்தேன். அவர் கவட்டையிலிருந்து அவிழ்த்த பழைய வாரை வேறு ஒரு கொய்யாக் கவட்டையில் கட்டி, மடியில் செருகியிருந்தேன். நான் உயரமானவள், அவரைவிட ஒரு விரல் கூடத்தான் இருப்பேன். அவருக்கு அளந்த வார் எனக்கும் காது வரை சரியாக வந்தது. அவர் எதிர் வரப்பில் கையைத் தூக்கி இழுக்கும்போது அவர் முழங்கையைப் பார்த்து நானும் இழுத்தேன். அவர் விட்ட நேரத்தில் நானும் விட்டேன். என் கல் 'விர்ர்' என்று போனது. கிளிக்கூட்டம் பச்சையாக எழும்பி ஆற்றைத் தாண்டிப் போயிற்று. அவர் கவட்டையைத் தாழ்த்தி, போகிற கிளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு இரண்டு முறை சோறு கேட்டு வாங்கினார். "கை திரும்பிட்டுட்டி" என்றார். நான் மோர் ஊற்றினேன். செய்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

வயல்காரர் இடையில் வந்து பார்த்துவிட்டு, "பரவால்லயே வே" என்று சொல்லிப் போனார். இன்னும் சில நாள் தாண்டினால் அறுப்பு.

ஒரு காலையில் வழக்கம்போல அவர் கவட்டையைத் தூக்கினார். முழங்கை பின்னால் போனது. நான் விட்டேன். கல் போனது, கிளி எழும்பியது. அவர் கை மட்டும் இழுத்தபடியே இருந்தது. உண்டை இன்னும் தோலிலேயே இருந்தது.

கவட்டையைப் பைய இறக்கி, தோளில் போட்டுக்கொண்டு, வரப்பைச் சுற்றி என் பக்கம் வந்தார்.

"ஏட்டி, வெளிய வா. பொதருக்குள்ள பாம்பு கீம்பு கெடக்கும்."

"புல்லு அறுக்கேன்."

"கவட்டைய வச்சு எவ புல்லு அறுக்கா?"

வெளியே வந்தேன். தலைமுடியெல்லாம் தாழம்பூத் தூள். அவர் அதைத் தட்டிவிட்டார், இடது கையால்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"மொத நாளே. மண் உண்டைக்கு ஏதுட்டி சத்தம்? கிளி கோட்டிக்காரக் கிளியா, மண்ணுக்குப் பயந்து பறக்க?" வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரிஞ்சும் கொஞ்ச நாள் நம்பித்தான் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

என் கையிலிருந்த கவட்டையை வாங்கி, வாரை விரலால் தடவினார்.

"இது என் வாருல்லா."

"ஆமா."

"இது எனக்கு அளந்தது. ஒனக்கு அளந்து கட்டு."

"இதே சரியாத்தான் இருக்கு."

"சரியா இல்ல. நீ விடும்போது கல்லு ஒரு இணுக்கு எடப்பக்கம் போவுது. ஒன் கை என் கையவிட நீளம். கைய நீட்டு."

நீட்டினேன். இடுப்பு வேட்டியிலிருந்து ஒரு நூலை உருவி, ஒரு முனையை என் முட்டியில் வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார். மறுமுனையை அவரே பிடித்து என் காது வரை கொண்டுவந்தார். வலது கையால்தான் கொண்டுவந்தார். அது நடுங்கி, என் கன்னத்திலும் கழுத்திலும் பட்டு, காதைத் தேடி ஏறியது. நான் தலையைக் குனிந்து கொடுத்திருக்கலாம். குனிந்தால் அளவு தப்பும். அதனால் அசையாமல் நின்றேன்.

வயல்காரர் அடுத்த தடவை வந்தபோது அவரே சொல்லிவிட்டார். "இனி காவல இவ பாப்பா மொதலாளி."

"பொம்பளையா?"

"இத்தன நாளு பாத்தது யாருன்னு நெனச்சிய?"

வயல்காரர் என்னைப் பார்த்தார், எதிரே எழும்பிப் பறக்கிற கிளியைப் பார்த்தார், ஸ்கூட்டரை மிதித்தார். அந்தப் பூ நெல்லுக்கும் அடுத்த பூ நெல்லுக்கும் காவல் எங்கள் வீட்டில்தான் இருந்தது. என் கல் தெற்கு வரப்பைத் தாண்டிப் போகும். ஊரில் என் குறியைப் பேசினார்கள். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் பொழுதடைய வீட்டுக்குள் நுழைந்தால், "வந்துட்டியா?" என்பார். "சாப்புட்டியா?" என்பார். பக்கத்து வீட்டு டிவியில் என்ன காட்டினார்கள் என்றுகூடச் சொல்லுவார். கிளி இறங்கிச்சா என்று அவர் உயிரோடிருந்த மட்டும் ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை.