கலியாண அட்டைகளின் பின்பக்கம்

ஜும்ஆ முடிந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் அவர் கேற்றடியில் வந்து நின்றார். வினாயகபுரத்திலிருந்து பஸ் மாறி நிந்தவூருக்கு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. முன்பெல்லாம் கேற்றைத் தானே திறந்துகொண்டு, கதைத்துக்கொண்டே உள்ளே வருகிற மனிதர். அன்றைக்கு வெளியே நின்று கொண்டியைத் தட்டினார்.

"உள்ளுக்கு வாங்க தம்பி. என்ன, புது ஆள் மாதிரி நிக்கிறீங்க?"

"இருக்க வரல்ல காக்கா. ஒரு சாமான் கேட்டு வந்தன்."

அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்பார். அவர் கேட்ட சாமான் அவருடைய மனைவியின் கையெழுத்து. அவ காலமாகிப் பதினொரு மாதம். அடுத்த மாதம் ஆண்டுத் திவசம். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டாயிற்று. அதற்குக் கீழே அம்மாவின் எழுத்தில் இரண்டு வரியாவது வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

"வீட்டில ஒரு துண்டு இல்ல காக்கா. கடைக்குச் சிட்டை எழுதுவா, கடைக்காரன் கசக்கி எறிஞ்சிருவான். பிறகுதான் மகள் சொன்னாள், அம்மா எழுதினதெல்லாம் நிந்தவூர்லதானே இருக்குதெண்டு."

"ஓம் தம்பி, இருக்கு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்தது.

அவ எங்கள் வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அவவின் எழுத்துதான் பன்னிரண்டு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் கணவரின் சட்டைப் பைக்குள் இருந்து வந்தது.

கட்டாரில் நான் வேலை செய்த முகாமில் பிலிப்பைன்காரர் நால்வர் லீவு நாளில் ஒரு மேசையைச் சுற்றியிருந்து கதை விளையாடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு ஆளாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்க்கும். ஊருக்குத் திரும்பும்போது நான் கொண்டுவந்தவற்றில் இன்னும் பழுதாகாமல் இருப்பது அந்த விளையாட்டு மட்டும்தான்.

பகடையை மட்டும் என் மனைவி வாசலோடு நிறுத்திவிட்டார். "சூதாடுற காய் என்ட வீட்டுக்குள்ள வரப்படாது. சென்னா சென்னதுதான்." ஆகவே இருபது சட்டைப் பொத்தான்களில் ஒன்று முதல் இருபது வரை எண்களைக் கீறி, ஒரு பால்மா டின்னுக்குள் போட்டுக் குலுக்கினோம். நான் நடத்துவேன். விளையாடுகிறவர்கள் இருவர்: ஒருவர் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி; மற்றவர் இவர். எங்கள் ஊரில் படகு எஞ்சின் திருத்துகிற இடத்தில் இவருக்கு வேலை. வெள்ளிக்கிழமை அந்த இடம் பூட்டு. ஆனாலும் விளையாட்டுக்காக மட்டும் பஸ் ஏறி வருவார்.

நான் கட்டிய நாட்டில் ஏழு கழிமுகங்கள் இருந்தன. கப்பல் முதலாளி மச்சான். கரையில் எவருக்கும் அடங்காத ஒரு தோணிக்காரன் இவர். இவருக்கு எஞ்சினின் ஒவ்வோர் ஆணியும் கையால் தெரியும். எழுத்து மட்டும் ஒவ்வொன்றாகத்தான் பிடிபடும். ஆகவே அடுத்த வாரம் தோணிக்காரன் என்ன செய்வான் என்பதை வீட்டில் மனைவியோடு கதைத்து முடிவுசெய்து, அவவை எழுதச் சொல்லிக் கொண்டுவருவார்.

எழுதுவதற்கு அட்டை நான்தான் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊர்களில் கலியாண அட்டைக்குப் பஞ்சமில்லை. தடித்த, வழவழப்பான அட்டை, பின்பக்கம் வெறுமை. முன்பக்கத்தின் மேலே, இறைவன் பெயரால் தொடங்கும் பிஸ்மி அரபியில் அச்சடித்திருக்கும். அந்த வரியில் கத்தி படக்கூடாது என்பதற்காகக் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு மேல்பாதியை வைத்துக்கொள்வேன். எங்கள் விளையாட்டின் அட்டைகளுக்கு அதுவே அளவாகிவிட்டது. இடம், ஆள், காற்று, நீரோட்டம், சந்தையில் உப்பு என்ன விலை என்பது வரை எல்லாம் யாரோ ஒரு மாப்பிள்ளை பெண்ணின் முதுகில் எழுதப்பட்டிருந்தன.

"நம்மட மச்சானுக்கு வேற வேலையில்ல. கடலே இல்லாத ஊருக்கும் நீரோட்டம் எழுதி வெச்சிருப்பாரு" என்று மச்சான் நக்கலடிப்பார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. எனக்கு விளையாட்டைவிட அதன் குறிப்புகளை அடுக்குவதில் ஆசை அதிகம். மேசையில் ஒருவர் ஏதாவது கேட்டால், அவர் பிளேன்டியை எடுத்து ஒரு மிடறு குடித்துக் கீழே வைப்பதற்குள் பதில் என் கையில் இருக்க வேண்டும். அதற்காக அட்டைகளை நிறநிறமாக நூல் கட்டிப் பிரித்தேன். சப்பாத்துப் பெட்டிக்குள் தடுப்பு வைத்தேன். தடுப்புக்கு மேல் தலைப்பெழுதிய காது வைத்தேன். ஒரு கவிதையின் ஒரு வரிக்காக நாள்கணக்கில் அலைகிறவன் நான். அந்த அலைச்சல் இந்தப் பெட்டிக்கு முன்னால் மட்டும் அடங்கும்.

என் அடுக்கில் இருந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்தவ அவ ஒருவர்தான். கணவர் வீட்டுக்குப் போய்ச் சொல்கிற கதையைக் கேட்டே கண்டுபிடித்தா. தோணிக்காரன் செய்யப்போவது அட்டையின் நடுவில் இருக்கும். ஓரத்தில் எனக்கென்று சின்னதாக ஏதாவது இருக்கும். 'காக்கா, போன மாதம் அந்தக் கிழவனுக்கு இடது கால் இல்லை என்றீங்களாம். இந்த மாதம் ஓடுறாராம்.' இன்னொன்றில்: 'இவர் இந்த முறை பொய் சொல்லப்போறார். நம்பிற மாதிரி இருங்க.' ஒரு முறை வரி பாதியில் நின்றிருந்தது: 'சோறு அடிப்பிடிக்குது, மிச்சம் அடுத்த கிழமை.'

நடுவில் இருந்ததை மேசையில் உரத்து வாசிப்பேன். ஓரத்தை மனதுக்குள் வாசித்துச் சிரித்துவிட்டு, அட்டையைப் பெட்டிக்குள் போடுவேன். ஒரு நாளாவது ஒரு வரி பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். அட்டையும் என்னிடம்தான் இருந்தது, பேனையும் என்னிடம்தான் இருந்தது.

பிறகு அவவுக்கு வருத்தம் வந்தது. முதலில் கல்முனை ஆசுபத்திரி, பிறகு மட்டக்களப்பு. ஒரு மாதம் விளையாட்டை நிறுத்துவோம் என்றுதான் நிறுத்தினோம். மாதங்கள் சேர்ந்துகொண்டே போயின. செத்த வீட்டுக்கு நானும் மச்சானும் போய், பந்தலுக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தோம்.

அதற்கு நாலு மாதம் கழித்து எங்கள் வீட்டில் மகளின் கலியாணப் பேச்சு முற்றியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. நான் இருந்தது மனைவியின் வீடு. இனி அது மகளின் வீடு. நாங்கள் பின்னால் கட்டிய இரண்டு அறைக்குள் போக வேண்டும்.

"இஞ்சருங்க, ஒங்கட பெட்டியெல்லாம் எங்க வெக்கப் போறீங்க? மாப்புள்ள வந்து அலுமாரியத் திறந்தா கடதாசிதான் கொட்டும்" என்றார் மனைவி.

அதுதான் எனக்கு வேண்டியிருந்த சாட்டு. எல்லாவற்றையும் ஒரே கோவையாக்கிவிடலாம் என்று இறங்கினேன். அட்டை அட்டையாக வாசித்துக் கணினியில் ஏற்றினேன். இடங்கள், ஆட்கள், காற்றும் நீரோட்டமும், விலைகள், நடந்தவை. எது எந்தப் பக்கம் என்று முன்னால் ஒரு பட்டியல். ஓடிய கிழவனுக்கு முதலிலிருந்தே இரண்டு கால் கொடுத்தேன். அவவின் அட்டைகளில் நடுவில் இருந்தது 'நடந்தவை' பகுதிக்குப் போனது. ஓரத்தில் இருந்தவற்றை விளையாட்டுக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். அச்சடித்து, பிளாஸ்ரிக் உறைகளில் போட்டு, காது வைத்து முடித்தபோது, அப்படி ஒரு கோவையை நான் என் கவிதைகளுக்குக்கூடச் செய்ததில்லை என்று பெருமைப்பட்டேன்.

மிஞ்சியவை அட்டைகள். ஒவ்வொன்றிலும் பிஸ்மி இருந்தது. குப்பை அள்ள வரும் உழவுயந்திரத்தில் போட முடியாது, அடுப்பெரிக்கவும் முடியாது. எழுத்துள்ள தாள்களைச் சேர்ப்பதற்கென்று எங்கள் பள்ளிவாசலில் ஒரு பீப்பா உண்டு. பாங்கு சொல்லும் மோதினார் அவற்றை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிடுவார். நான் எல்லாவற்றையும் ஒரே வாக்கில் அடுக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, கால் படாமல், இடுப்புக்குக் கீழே இறக்காமல், அசர் தொழுகைக்குப் போகும்போது மார்போடு பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இப்பிடி மரியாதயாக் கொண்டு வாற ஆக்கள் இப்ப கொறவு" என்றார் மோதினார். எனக்கு மனம் குளிர்ந்தது.

பின்பக்கத்தை ஒரு தரம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அவ போய் அரை வருடம்கூட அப்போது முழுதாக ஆகியிருக்கவில்லை.

இதெல்லாம் கேற்றுக்கும் கதிரைக்கும் இடையில் எனக்கு நினைவு வந்தது. அவர் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய், அந்தக் கோவையை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன்.

விரலால் ஒவ்வொரு உறையாகத் திருப்பினார். அச்செழுத்தின் மீது விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இது மிசின் அடிச்சதெல்லோ காக்கா."

"ஓம் தம்பி."

"அவவுட எழுத்து?"

சொன்னேன். பீப்பாவையும் வெள்ளைத் துணியையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் மரியாதை எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதை ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம். அவர் கோவையின் விளிம்பைத் தட்டிச் சரிசெய்தார்.

"நீங்க வேணுமெண்டு செஞ்சதில்லயே" என்றார். மறுபடி உறைகளைத் திருப்பினார். உள்ளே மனைவி கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது.

கடைசிக் காதில் 'பிறகு' என்று எழுதியிருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாதவற்றுக்கு நான் வைத்திருந்த இடம் அது. அவர் விரல் அங்கே வந்து நின்றது. அந்த உறைக்குள் ஓர் அட்டை இருந்தது. எந்தத் தலைப்புக்கும் அடங்காததால் கணினியில் ஏற்றாமல் விட்ட ஒரே அட்டை. அது இருப்பதையே மறந்திருந்தேன். ஏன் மறந்தேன் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் விளையாட்டு நாட்டில் உப்புத் தீவு என்று ஒன்று உண்டு. அங்கே ஆளில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தேன். வேறொரு வெள்ளிக்கிழமை, தோணிக்காரன் வழி தவறியபோது, தீவில் ஒரு விளக்கு எரிவதாகச் சொல்லிவிட்டேன். மேசையில் இருந்த இருவரும் கவனிக்கவில்லை.

அவர் அட்டையை வெளியே எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "வாசிங்க காக்கா."

அவவின் எழுத்தை ஓரம் விடாமல் உரத்து வாசித்தது அதுவே முதல் தடவை.

"காக்கா, ஆளில்லாத தீவில விளக்கு எரியுது எண்டா ஏத்தினது ஆரு? அங்க ஒரு பொம்புள இருக்கட்டும். நான் அவவா இருக்கிறன். அங்க வரத் தேவையில்ல, இஞ்ச இருந்தே எழுதி அனுப்புறன். சரியெண்டா இவரிட்டச் சொல்லி விடுங்க."

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆண்கள் இருந்து விளையாடுகிற இடம், ஒரு ஆளைக் கூட்டினால் அடுக்கெல்லாம் மாறும், தீவுக்குப் புதிதாக எழுத வேண்டும். இப்படி ஏதோ நினைத்துக்கொண்டு 'பிறகு' தடுப்புக்குள் செருகினேன். அதற்குப் பின்னும் மூன்று வருடம் அவ எழுதி அனுப்பினா. இதை மறுபடி கேட்கவில்லை.

"உங்களுக்கு இது தெரியாது தம்பி. நான் சொல்லல்ல" என்றேன்.

"தெரியும் காக்கா. எழுதக்குள்ள பக்கத்திலதானே இருந்தன்." அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "வீட்ட போனா முதல் கேள்வி அதுதான். காக்கா என்ன சொன்னார், காக்கா என்ன சொன்னார். ஆசுபத்திரியிலயும் ஒருநாள் கேட்டவ. அவர் யோசிக்கிறார், நல்லா யோசிச்சுத்தான் செய்வார் எண்டன்."

பால்மா டின் அலுமாரிக்கு மேலே இருந்தது. அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

அவர் அட்டையின் முன்பக்கத்தைத் திருப்பினார்.

"இது ஆர்ர கலியாணம்?"

"மச்சான்ட மூத்த மகள்ற."

"அந்தப் புள்ள சுகமா?"

"சுகம். ரெண்டு புள்ள இப்ப."

மேலே இருந்த அரபு வரியில் விரல் படாமல் அட்டையை ஓரத்தால் பிடித்தார். "உங்கட வேதம் அடிச்சிருக்கு. எங்கட வீட்டில வெச்சா பிழையில்லயா காக்கா?"

"கால் படாத இடத்தில வைங்க."

"சாமித் தட்டிலதான் வைப்பன். அவவுட படமும் அங்கதான்." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பக்கமும் தெரியிற மாதிரி கண்ணாடி போடேலுமா?"

"ஏலும். மச்சான்ட கடையில வெட்டித் தருவாரு" என்றேன்.

கடை அன்றைக்குப் பூட்டு. மச்சானை வீட்டிலிருந்து கூப்பிட்டுத் திறக்கவைத்தேன். அளவெடுக்க அவர் அட்டையைக் கேட்டார். இவர் கையை விட்டுக் கொடுக்கவில்லை. கையில் பிடித்தபடியே அளக்கச் சொன்னார். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் அதை வைத்து நாலு ஓரமும் ஒட்டி, பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினார். நான் கோவையையும் கொடுத்தேன். அது பாரம், பிறகு ஒரு நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.