தேசிக்காயை மிதித்த வான்

மாமாவின் வானில் கைப்பிரேக் இருந்தது, ஆனால் பிடிக்காது. எங்கே நிறுத்தினாலும் சில்லுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பது அவர் வழக்கம். அந்தக் கல்லும் வானுக்குள்ளேயே ஏறி ஊர் ஊராகப் போய்வரும். அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. வெளியே நின்றபடி ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகி வானை ஸ்டார்ட் செய்வார். பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். எங்கள் ஊரான சல்லியின் கரையில் யாரும் பிளந்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மா குவைத்துக்குப் போன காலையில் இந்தக் கல்லும் அந்தக் கையும் சேர்ந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டன.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீடு சுவர் எழும்பி, கூரையில்லாமல் நின்றது. நாங்கள் பக்கத்துத் தகரக் கொட்டிலில் இருந்தோம். அப்பா கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். அந்த உழைப்புக் கூரைக்குக் காணாது என்பதால், அம்மா இரண்டு வருடம் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போவது என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூரை வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

புறப்படுகிற நேரம் மாமி நான்கு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் என்கிற எலுமிச்சங்காய்களை வைத்தார். பயணம் போகிற ஆளை ஏற்றிக்கொண்டு வான் அவற்றை நசித்துப் போகவேண்டும். அப்போதுதான் வழியில் தீங்கு வராது. கல் இடைஞ்சலாக இருந்ததால் மாமி அதை எடுத்து எறிந்துவிட்டார். கல் போனதும், வான் உருளாமல் இருக்க மாமா கியரைப் போட்டுவிட்டு இறங்கினார். போட்டதை அடுத்த நிமிடமே மறந்தும் விட்டார். அம்மா பையோடு வெளியே வந்ததைக் கண்டதும், வழக்கம்போல ஜன்னலுக்குள் கையை விட்டார்.

வான் ஒரு துள்ளுத் துள்ளியது. மாமா சாவியை விட்டார், நிற்கவில்லை. சாவியை உருவியே எடுத்தார், அப்போதும் நிற்கவில்லை. எஞ்சின் ஓடாமல் ஸ்டார்ட்டர் மோட்டர் மட்டும் கிர்ர் கிர்ர் என்று சுற்றிச் சுற்றி, வானை அடியடியாக முன்னுக்குத் தள்ளியது. நான்கு தேசிக்காயும் நசிந்தன. மாமா சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வானோடு கூடவே நடந்து, மாட்டை அதட்டுவதுபோல “நில், நில்” என்றார். அது அவர் சொல்லைக் கேட்காமல் வேலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அப்பா பாய்ந்து ஏறிக் கியரைக் கழற்றினார். வான் நின்றது, சத்தம் நிற்கவில்லை. சீற்றைத் தூக்கி அடியிலிருந்த பற்றரியின் கம்பியை இழுத்தெடுத்தார். அதன் பிறகுதான் கடலின் இரைச்சல் எங்களுக்குக் கேட்டது.

“ஆள் ஏற முன்னம் தேசிக்காய் நசிஞ்சு போச்சே! இனிப் புதுசு வைக்காம வெளிக்கிட ஏலாது” என்று மாமி தலையில் கைவைத்தார்.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பயணம் அம்மா இல்லாமலே தொடங்கி வேலியடியில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மாமி என்னைத்தான் பக்கத்து வளவுக்குத் தேசிக்காய் பிடுங்க அனுப்பினார். மரம் நிறையக் காய். ஐந்தாறு பிடுங்கி, கரையில் கவிழ்ந்து கிடந்த வள்ளத்துக்குக் கீழே ஒளித்துவிட்டு வெறுங்கையோடு வந்து, ஒன்றும் இல்லை என்றேன். மாமி என் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு ஒழுங்கை திரும்பும் முடக்கில் இருந்த வைரவர் கோயிலுக்குப் போய், சூலத்தில் குத்தியிருந்த காய்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். வைரவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாராம். வைரவரும் பெரியவர்கள் பக்கம் போய்விட்டார் என்று எனக்கு ஆத்திரம்.

இதற்கிடையில் அப்பா கல்லைத் தேடி எடுத்துச் சில்லுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு சாக்கை விரித்து வானுக்குக் கீழே போயிருந்தார். சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வருகிற மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு, கம்பியைப் பற்றரியில் திரும்பத் தொடவைக்கச் சொன்னார். மாமா தொடவைத்தார். ஸ்டார்ட்டர் திரும்பவும் சுற்றியது.

“எடு, எடு! சாவியில பிழையில்லை. வயரைக் கழட்டியும் சுத்துது. ஸ்டார்ட்டருக்குள்ள இருக்கிற செம்பு ஒட்டிப்போச்சு” என்றார் அப்பா கீழே இருந்து.

அதோடு முடிந்துவிடும் என்று பயந்தேன். முடியவில்லை. எதற்கும் சாவிப் பக்கத்தையும் பார்ப்போம் என்று எழுந்து வந்து, ஸ்டியரிங்கின் கீழ் மூடியைக் கழற்றி, ஒரு சின்ன பல்பைப் பிடித்து வயர் வயராகச் சோதித்தார்.

“அத்தான், இப்பதானே சாவியில பிழையில்லை எண்டனீங்கள்?” என்று மாமா கேட்டார். அப்பா பல்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி கீழே போனார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டார். பிறகு கூரையில்லாத வீட்டின் வாசற்படியில் என்னை இருத்தி, விடியப் பின்னிய தலையை அவிழ்த்துத் திரும்பப் பின்னினார். அப்பா இன்னொரு தேத்தண்ணி கேட்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, பின்னல் கோணலாம் என்று மறுபடியும் அவிழ்த்தார். அவர் விரல்களில் தேங்காயெண்ணெயும் புதுச் சவர்க்காரமும் மணத்தன. “இறுக்கிப் பின்னியிருக்கிறன், ரெண்டு நாளைக்கு நிக்கும்” என்றார். நான் ஐந்து நாள் அவிழ்க்கவில்லை. இப்போதும் யாராவது என் தலையில் கை வைத்தால் அந்த வாசற்படிதான் ஞாபகம் வருகிறது.

வானுக்குக் கீழே டக், டக் என்று இரண்டு தட்டு. “சரி” என்று அப்பா வெளியே வந்தார். எஞ்சின் ஓடியது. மாமாவும் மாமியும் அம்மாவை ஏற்றிக்கொண்டு, வைரவரின் தேசிக்காய்களை நசித்துக்கொண்டு போனார்கள். அப்பாவும் நானும் முற்றத்தில் நின்றோம். “ஏன் திருத்தினீங்கள்?” என்று கத்தினேன். அவர் குந்தி, கறுத்த கைகளை மணலில் தேய்த்தார். மூன்று நாள் அவரோடு நான் கதைக்கவில்லை.

இரண்டு வருடம் ஐந்து வருடமாகியது. அம்மா வந்தபோது வீட்டுக்குக் கூரை இருந்தது, நானே தலை பின்னப் பழகியிருந்தேன். வந்த மறுநாள் சீப்போடு பக்கத்தில் வந்தார். நானே பின்னுவேன் என்றேன். சீப்பைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

போன மாதம், வேலை முடிந்து வரும்போது, உப்புவெளிச் சந்தியில் என் ஸ்கூட்டி அதே கூத்தை ஆடியது. ஸ்டார்ட் பட்டனை விட்டும் ஸ்டார்ட்டர் நிற்காமல் சுற்றியது. பக்கத்துக் கராஜ்காரப் பெடியன் பற்றரியைக் கழற்றினான். பிறகு பட்டனுக்குப் போகும் வயரை எடுத்துவிட்டு, கம்பியைப் பற்றரியில் ஒருதரம் தொடவைத்துப் பார்த்தான், இரண்டு தட்டுத் தட்டினான், முடிந்தது. வேறு ஒன்றும் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “வயரைக் கழட்டியும் சுத்தினா வேற என்னத்தைப் பாக்கிறது அக்கா? ரெண்டு நிமிச வேலை” என்றான்.

அப்பா காலமாகி மூன்று வருடமாகிறது. அவரைக் கேட்க முடியாததால் வீட்டுக்கு வந்து, அன்று வானைத் திருத்த அப்பாவுக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை.

“ரெண்டாந்தரம் தேத்தண்ணி கொண்டு போனனான் எல்லோ? குனிஞ்சு பாத்தன். எல்லாம் பூட்டி முடிச்சிட்டு, கையை நெஞ்சில வச்சுக்கொண்டு சும்மா படுத்திருந்தவர். நானும் ஒண்டும் சொல்லேல்ல. தேத்தண்ணியை வச்சிட்டு வந்து உன்ர தலையைத் திரும்ப அவிட்டனான்.”

அன்று அம்மாவைப் போகவிடாமல் தடுக்கப் பார்த்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, அந்த மனிதரோடு மூன்று நாள் கதைக்காமல் இருந்திருக்கிறேன்.