மார்த்தா என்று ஒருத்தி இல்லை

வெர்னா கோஸ்டியுக் எங்களுக்குச் சமூகவியல் நடத்தியபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. மற்ற ஆசிரியர்கள் பனிக்காலணியைத் தங்கள் அறையில் கழற்றிவிட்டு நல்ல ஷூவில் வருவார்கள். வெர்னா முழங்கால் உயர ரப்பர் காலணியோடே வகுப்புக்குள் நடமாடுவார். உருகிய பனி தரையெல்லாம் குட்டை குட்டையாகத் தேங்கும். பாடம் முடிந்ததும் காகிதத் துண்டுகளால் குனிந்து தானே துடைத்துவிட்டுத்தான் போவார்.

அவர் நிரந்தரப் பேராசிரியர் அல்ல, வருடாவருடம் ஒப்பந்தத்தில் வருகிறவர். எங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, புரொஃபசர் என்றே அழைத்தோம். ரயில் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள். பதினான்கு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்துவிட்டு, முப்பத்து மூன்று வயதில் கல்லூரிக்குள் நுழைந்தவர். முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டவர்.

நான் மானிட்டோபா மாநிலத்தின் தெற்கே, மென்னோனைட் என்ற கிறிஸ்தவச் சபையினர் வாழும் ஒரு பண்ணைக் கிராமத்துப் பெண். பெயர் கிரெட்டா ஃப்ரீசன். 1996 இலையுதிர் காலத்தில், முதல் வகுப்பிலேயே வெர்னா என்னிடம் கேட்டார்: "உன் வீட்டுலேர்ந்து ரொட்டிக் கடைக்கு எவ்வளவு நேரம் நடக்கணும்?"

"மூணு நிமிஷம்."

"நடந்தா?"

"கார்ல."

"நான் நடந்தா எவ்வளவுன்னுதான் கேட்டேன்."

"எங்க ஊர்ல யாரும் நடக்கமாட்டாங்க, புரொஃபசர். எல்லாருக்கும் கார் இருக்கு."

"எல்லாருக்குமா? கார் இல்லாதவங்க உன் கண்ணுல படல, அவ்வளவுதான்."

வகுப்பு சிரித்தது. பக்கத்தில் இருந்தவன், "முப்பத்தஞ்சு நிமிஷம். பஸ் வந்தா எட்டு," என்றான். அவன் ஜோமார் டியோக்னோ. ரயில் தண்டவாளங்களுக்கு வடக்கே, பிலிப்பினோ குடும்பங்கள் நிறைந்த தெருவில் வளர்ந்தவன். அன்றிலிருந்து வருடம் முழுக்க நாங்கள் அருகருகேதான் உட்கார்ந்தோம்.

வெர்னாவை எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். கடைசி வரிசை ஹாக்கி பையன்கள், "இந்தம்மாவுக்குப் பாடமே தெரியாது, ரொட்டிக் கடை கதைதான்," என்பார்கள். ஆனால் அவர் வகுப்பில் யாரும் தூங்கியதில்லை. இரண்டே வாரத்தில் நாற்பத்தெட்டுப் பெயர்களையும் மனப்பாடம் செய்திருந்தார். கட்டுரைகளைத் திருப்பித் தரும்போது ஓரத்தில் பச்சைப் பென்சிலில் ஒரே கேள்விதான் மறுபடி மறுபடி இருக்கும்: "யார் சொன்னது?"

ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. தண்டவாளத்துக்கு வடக்கிலிருந்து தெற்கே முதியோர் இல்லங்கள் இருக்கும் பகுதிக்குப் போகும் பேருந்தை நகரசபை நிறுத்தப் போகிறது. வெர்னா அதையே எங்களுக்கு வேலையாகக் கொடுத்தார். ஆளுக்கு மூன்று பயணிகளிடம் பேச வேண்டும், சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். எல்லாவற்றையும் தொகுத்து நகரசபைக் குழுவிடம் கொடுப்பதாகச் சொன்னார்.

நான் இரண்டு பேரிடம் பேசினேன். மூன்றாவது ஆளுக்காக நின்ற நாளில் குளிர் மைனஸ் முப்பத்தொரு டிகிரி. என் தோழிகள் பனிச்சறுக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு போனேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் விடுதி அறையில் உட்கார்ந்து மூன்றாவது ஆளை நானே உண்டாக்கினேன். மார்த்தா, முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை, கணவன் இல்லை, இரண்டு குழந்தைகள். "இந்தப் பேருந்தின் ஜன்னலோரம்தான் ஒரு நாளில் என்னிடம் யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம்" என்று அவள் சொன்னதாக எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

எழுதியவர் பெயரைச் சொல்லாமல் வெர்னா அதை வகுப்பில் வாசித்தார். ஹாக்கி பையன்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெர்னா அந்தக் காகிதத்தை மற்ற பேட்டிகளுக்கு மேலே வைத்தார். நான் அப்போதே கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

ஜோமார் தன் தாய் ரெமெடியோஸையும் பேட்டி எடுத்திருந்தான். அவரும் அதே பேருந்தில்தான் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகிறார். அவர் சொன்னது: "பஸ் இருந்தா நல்லது. லேட்டானா நின்னுதான் ஆகணும்." அது அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. மார்த்தா முதல் பக்கத்தில் இருந்தாள்.

அறிக்கை போன பத்தாம் நாள் ஒரு நாளிதழ்க்காரர் வெர்னாவை அழைத்தார். மார்த்தாவைச் சந்தித்துப் படம் எடுக்க வேண்டுமாம். வெர்னா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேறு இரண்டு ஒப்பந்த ஆசிரியர்களோடு பங்கு போட்டுக்கொண்ட ஒடுக்கமான அறை அது.

"மார்த்தாவை எப்படிப் பிடிக்கிறது, கிரெட்டா?"

"அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

"எந்த ஊரு?"

"சொல்லல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்படி ஒரு ஆள் இருக்காங்க, இல்லையா?"

"இருக்காங்க," என்றேன்.

முதல் பொய்க்குக் குளிரைக் காரணம் சொல்லலாம். இதற்கு ஒன்றும் சொல்ல முடியாது. அறை வெதுவெதுப்பாக இருந்தது, கேட்டவர் பொறுமையாகக் கேட்டார், நான் நேராகப் பார்த்துச் சொன்னேன்.

நாளிதழ்க்காரர் அந்த வட்டாரத்து முதியோர் இல்லங்களுக்கெல்லாம் போன் செய்திருக்கிறார். மார்த்தா என்று எங்கும் யாரும் வேலை பார்க்கவில்லை. மறுவாரம் செய்தி வந்தது: பல்கலைக்கழக அறிக்கையின் முதல் பக்கத்தில் இருப்பவர் கற்பனை. நகரசபைக் குழுவில் ஒருவர் எழுந்து, மற்ற பேட்டிகளும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் வெர்னா வழக்கமான நேரத்துக்கு வந்து நாளிதழை மேசைமேல் வைத்தார். "இதுல வந்திருக்கிறது உண்மை. நான் சரிபாக்கல. தப்பு என்னோடது."

"எழுதினது யாரு, புரொஃபசர்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"அறிக்கை என் பேர்ல போச்சு. பதினொண்ணாவது அத்தியாயத்த எடுங்க."

துறைத்தலைவரும் அதையே கேட்டாராம். அவருக்கும் இதே பதில்தான்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது ஜோமார் சொன்னான்: "எங்கம்மா நேத்து சாப்பிடவே இல்ல. 'நான் பேசினது நெசம்தானேடா, அதையும் ஏன் பொய்ங்கிறாங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"சாப்பிடும்மான்னு சொன்னேன்."

நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஏப்ரலில் தேர்வுகள் முடிந்து, மதிப்பெண்ணும் வந்த பிறகுதான் வெர்னாவின் அறைக்குப் போனேன். எனக்கு உதவித்தொகை இருந்தது, அப்பா எங்கள் ஊர்த் தேவாலயத்தில் மூப்பர். எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டே போனேன். அவர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மார்த்தாவ நான்தான் இட்டுக்கட்டினேன்," என்றேன்.

"தெரியும். வேற ஊருக்குப் போயிட்டாங்கன்னு நீ சொன்னப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் சும்மா விட்டீங்க?"

"சும்மா விடலையே, கேட்டேனே. இருக்காங்கன்னு சொன்ன. எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்துச்சு." ஒரு புத்தகத்தைத் துடைத்து உள்ளே வைத்தார். "பதினாலு வருஷம் ஜனங்க பேசறதக் காதுல போட்டுக்கிட்டவ நான். நெசமா யாரும் அவ்வளவு அழகா பேசமாட்டாங்க. அது தெரிஞ்சும் அதத் தூக்கி முதல் பக்கத்துல வெச்சேன். அந்த டியோக்னோ அம்மாவப் பன்னெண்டுல தள்ளினேன்."

"நான் போய்த் துறைத்தலைவர்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்றதுன்னா சொல்லு. ஆனா எனக்காகன்னு சொல்லாத. அடுத்த வருஷம் வேலை இல்லன்னு கடிதம் போன வாரமே வந்துடுச்சு."

"மன்னிச்சிடுங்க."

அவர் பெட்டியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். இருவருமாகக் கீழே கொண்டுபோய் அவருடைய தம்பியின் காரில் ஏற்றினோம்.

நான் துறைத்தலைவரிடம் போகவில்லை. இனிப் போய் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று சொல்லிக்கொண்டேன். பட்டம் வாங்கினேன், நல்ல வேலையும் கிடைத்தது. ஜூலையில் பேருந்து நின்றது.

வெர்னா பிறகு எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடத்தவில்லை. புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். 2010 மார்ச்சில் இறந்தார். நாளிதழில் பார்த்துவிட்டு நான் இறுதிச்சடங்குக்குப் போனேன். சடங்கு முடிந்து உக்ரேனிய தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில், பெண்கள் தட்டுத் தட்டாகப் பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஜோமார் இருந்தான், தலை வழுக்கையாகியிருந்தது. பக்கத்தில் அவன் தாய்.

"உனக்குத் தெரியுமா," என்றான், "பஸ் நின்னப்புறம் ஆறு மாசம் வெர்னாதான் எங்கம்மாவ வேலைக்குக் கொண்டுபோய் விட்டாங்க. அம்மாவும் இன்னும் மூணு பேரும். தன் தம்பியோட காரை இரவல் வாங்கிக்கிட்டு, தினமும் காலையில வாசல்ல வந்து நிப்பாங்க. வேலை போய் வீட்டுல சும்மா இருந்த நேரம் அது."

"ஏன்னு சொன்னாங்களா?"

"கேட்டோம். நான் போற வழிதானேன்னாங்க. அது அவங்க போற வழியே இல்ல. அவங்க வீடு வேற கோடி."

பதின்மூன்று வருடம் என் வாய்க்குள் கிடந்ததை அங்கேயே சொன்னேன். மார்த்தாவை எழுதியது நான் என்று. ஜோமார் தட்டைக் கீழே வைத்தான். முகம் சிவந்தது. "என் பக்கத்துலயே உக்காந்திருந்த," என்றான். எழுந்து கோட்டை எடுக்கப் போய்விட்டான். இன்றுவரை அவன் என்னிடம் பேசியதில்லை.

ரெமெடியோஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த மார்த்தாவுக்குப் புள்ளைங்க இருந்துச்சா?"

"ரெண்டுன்னு எழுதியிருந்தேன்."

"எனக்கு நாலு," என்றார்.

மகன் கோட்டோடு வந்தான். அவர் என் கையைப் பிடித்து ஊன்றி எழுந்து, கோட்டுக்குள் ஒவ்வொரு கையாக நுழைத்துக்கொண்டு, அவனோடு படியேறிப் போனார்.