விதை நெல்லுக்கு உப்புப் போட்டவர்

தோசைக்கு வாங்கி வைத்த சோளப் பையைத் திறந்தபோது ஓர் அந்துப்பூச்சி எழுந்து என் மூக்கைத் தொட்டுவிட்டுப் பறந்தது. வைக்கோல் நிறம், விரல் நகத்தில் பாதிகூட இல்லை. இதன் புழு தானியத்துக்குள் இருந்தபடியே உள்ளதைத் தின்று தீர்த்து, பூச்சியாகி வெளியே வரும். இதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வந்தது, தின்றது, யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. அறிவுரை சொன்னவர் என் பெரிய மாமா.

மாமாவுக்கு ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சூப்பர்வைசர் வேலை. பச்சைத் தோலுக்கு ஆட்கள் உப்புப் போட்டு அடுக்குவதை நின்று பார்ப்பார், அவ்வளவுதான். பேச்சைக் கேட்டாலோ தோல் என்ற ஒன்றையே இவர்தான் கண்டுபிடித்தார் என்று தோன்றும். அப்பா இறந்தபின் பள்ளிகொண்டாவுக்கு அருகே இருந்த எங்கள் நிலத்தை அம்மா தனியாகப் பயிர் செய்தாள். யாரிடமும் கைநீட்டாமல் இருக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அது. அந்த வருடம் விதை நெல்லில் அந்து விழுந்தது. அம்மா அதை வெயிலில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து மாமா வந்து சேர்ந்தார்.

"எவ்ளோ தோல வெச்சிக் காப்பாத்துறேன், இந்தப் பூச்சி இன்னா பெரிய பூச்சி? உப்பு போட்டா எதுவும் அண்டாதும்மா."

"விதை நெல்லு ணா, வேணாம்" என்றாள் அம்மா.

"உனுக்கு இன்னா தெரியும்?"

மறுநாளே டேனரியில் தோலிலிருந்து உதறிய உப்பைச் சாக்கில் கொண்டுவந்தார். தோல் அடுக்குவதுபோலவே ஒரு வரிசை நெல், ஒரு வரிசை உப்பு என்று குதிரில் போட்டு மூடினார். அண்ணன் கையைத் தட்டிவிட அம்மாவுக்கு மனம் வரவில்லை. எனக்கு வந்திருக்கும், சின்னப் பெண் பேச்சை யார் கேட்பார்கள்?

உப்பு ஈரத்தை இழுத்து நெல் நசநசத்துக் கிடந்தது. கழுவி, ஊறவைத்து, நாற்றங்காலில் விதைத்தோம். ஒன்றும் முளைக்கவில்லை. மாமா வந்து பார்த்தார். "விதையே சொத்த, பூச்சி தின்னுடுச்சி" என்று சொல்லிவிட்டு, கொஞ்சமும் கூசாமல் காபி கேட்டார். அன்று எனக்கு வந்த அருவருப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. பருவம் தவறியது. அம்மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஷூ கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறினாள். அதன்பின் அவள் வயலில் இறங்கவே இல்லை.

போன மாதம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் விதை நெல்லைப் பூச்சியிடமிருந்து தான் காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"ஆமா ணா. அப்பறம் ஒரு பூச்சிகூட நம்ம வூட்டுப் பக்கம் வர்ல. திங்கிறதுக்கு இன்னா இருந்துச்சி?"

பாராட்டு என்று நினைத்து மாமா தலையாட்டினார்.