சிவப்பு அம்பு

மின்னூரில் கம்பெனி பஸ் ஏறியதும் கிறிஸ்டினா இடது காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொள்வார். வலது காது பக்கத்து சீட்டு பில்கிஸுக்கு. அவர் பேசாமல் வர மாட்டார். காது கொடுக்காவிட்டால் கோபமும் வரும்.

"இன்னா, மறுபடியும் அந்தப் பேஜார் பாட்டா?" என்பார் பில்கிஸ்.

"இரு, இப்பதான் நாயனம் வருது."

நாயனம் வரும். அதன்மேல் சர்ச் ஆர்கன் ஏறும். இரண்டையும் தள்ளிக்கொண்டு கிட்டார்கள், இரும்புக் கடையைக் கவிழ்த்ததுபோல் வந்து விழும். எல்லாம் முடிந்ததென்று நினைக்கையில் யாரோ நிதானமாக சாக்ஸபோன் ஊதுவார்கள். "ஒரே மண்டபத்துல நாலு வூட்டுக் கல்யாணம்" என்பது கிறிஸ்டினாவின் விமர்சனம்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவருக்கு மெட்டல் டிடெக்டரில் வேலை. தைக்கும்போது முறிந்த ஊசிமுனை ஷூவுக்குள் தங்கிவிட்டால் மிஷின் கத்தும், பெல்ட் நிற்கும். ஊசி இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். அதனால், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஷர்மிளா, "நான் மெட்டல் பேண்டுல இருக்கேம்மா" என்றபோது, "எந்தக் கம்பெனி? ஷூவா, பேக்கா?" என்று விசாரித்தார்.

அதுவரை சிரிப்புதான். மெட்டல் என்பது ஒருவகை ராக் இசை என்று விளக்கி, மகள் தன் குழுவின் பாட்டை அனுப்பினாள். கேட்டுவிட்டு கிறிஸ்டினா போனில் சொன்னார்: "மியூசிக்லாம் இருக்கட்டும். உறுமுறானே ஒருத்தன், அவனுக்குத் தொண்டையில இன்னா?"

"ரெண்டு பேர் உறுமுறோம்மா. அதுல ஒண்ணு நான். பெத்தவளுக்கே தெரியல இல்ல?"

போனை வைத்துவிட்டாள். பிறகும் பேசினாள்; சாப்பாடு, மழை, ஆபீஸ். பாட்டைப் பற்றிய பேச்சு மட்டும் வரவில்லை. அது கிறிஸ்டினாவுக்கு வலித்தது. சர்ச் பாடகர் குழுவில் அத்தனை பேர் பாடும்போதும் கண்ணை மூடிக்கொண்டு மகள் குரலைப் பிரித்தெடுத்தவர் அவர்.

தேட ஆரம்பித்தார், தனக்குத் தெரிந்த வழியில். மிஷின் கத்தினால் ஷூவை முன்பக்கமாக ஒருதரம், குதிகால் பக்கமாக ஒருதரம் விட்டுப் பார்ப்பார்கள். ஊசி எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும். பாட்டையும் அப்படியே முன்பாதி, பின்பாதி, அதிலும் பாதி என்று வெட்டி வெட்டிக் கேட்டார். தலைவலி வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு கேட்டார். ஒருநாள் நாயனம் வருமிடத்தில் தன் கால் தாளம் போடுவதைப் பார்த்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

ஈஸ்டருக்கு ஷர்மிளா வந்தாள். அம்மாவின் போனை சார்ஜில் போட எடுத்தவள் அப்படியே நின்றாள். திரையின் அடிப்பக்கம் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

"இன்னாம்மா இது, ஸ்க்ரீன்ல?" நகத்தால் அதைக் கிளப்பத் தொடங்கினாள்.

"எடுக்காத. நம்ம பாட்டை வச்சுப் பாரு."

பாட்டு எதுவரை ஓடியிருக்கிறது என்று காட்டும் கோடு நகர்ந்து நகர்ந்து அம்பின் முனையைத் தொட்டது. ஆர்கன் ஓய்ந்த இடம். உறுமல் கிளம்புவதற்குச் சற்று முன், யாரோ அவசரமாக ஒரு மூச்சு இழுக்கிறார்கள். அதன் கடைசியில் மூக்கில் சின்னதாக ஒரு விசில்.

"சர்ச்சுல சோலோ பாடுறப்பவும் இப்பிடித்தான் இழுப்ப," என்றார் கிறிஸ்டினா. "அதுக்கப்புறம் வர்றது நீ."

ஷர்மிளா பாதி கிளம்பியிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.