சூடு ஆறாத தூரத்தில் ஒரு வீடு

போண்டாப் பொட்டலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள் கலையரசி. சுட்டது. "தேறும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதன் பிறகுதான் கேட்டைத் திறந்தாள்.

வாடகைக்கு வீடு பார்க்க அவளிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான். கடைத்தெருவில், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த போண்டாவாகப் பார்த்து வாங்குவாள். அங்கிருந்து, காலி என்று சொன்ன வீட்டுக்கு வழக்கமான நடையில் நடப்பாள். வாசலுக்கு வரும்போது சூடு இருந்தால் உள்ளே போவாள். ஆறிப்போயிருந்தால் அங்கேயே நின்று தின்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். பெரம்பலூரில் அவள் அப்படி வாசலோடு கழித்துக்கட்டிய வீடுகளில் மார்பிள் தரை போட்டதும் உண்டு, போர்ட்டிகோ வைத்ததும் உண்டு. "காரு நிக்க எடம் இருக்குங்குறாங்க. கறிவேப்பிலை வாங்க ஒரு கடை இல்லையே! காரையா தாளிக்கிறது?"

இத்தனைக்கும் அவள் பிழைப்பே வண்டியில்தான். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். டீச்சர், நர்ஸ், மருமகளுக்குப் போட்டியாக வந்த மாமியார் என்று ஊரில் பல பேர் அவளிடம் பழகியவர்கள். பின்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடுவாள். நாற்பது தாண்டியும் மூச்சு வாங்காது. "சக்கரத்தப் பாக்காத கண்ணு, ரோட்டப் பாரு! பயந்தா பயத்தோடயே ஓட்டு, எறங்கி மட்டும் ஓடிடாத!" பாடம் முடிந்ததும் வண்டியை மெக்கானிக் கடையில் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவாள். ஏன் என்று கேட்டால், "வண்டியில போனா கையத்தான் ஆட்ட முடியுது. நின்னு ரெண்டு வார்த்தை பேச முடியலீங்களே" என்பாள்.

குடியிருப்பது குன்னத்தில், அண்ணன் வீட்டில். சாயங்காலப் பாடத்தை அரைகுறையாக முடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்தபோது வராத வருத்தம், ஏறும்போதே நிரம்பி வழியும் அந்தப் பஸ்ஸைப் பார்த்தால் வந்துவிடும். அண்ணன், அண்ணி மேல் குறை ஒன்றும் இல்லை. தானே பூட்டித் தானே திறக்க ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் உள்ள இந்த மாடி வீட்டுக்கு அவள் வருவது இரண்டாம் முறை. முதல் தடவை சுட்டது ஒருவேளை அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்று மறுபடியும் சோதித்தாள். வீட்டுக்காரி ஜெயசித்ராதான் பிடிகொடுக்கவில்லை. "தனியா ஒரு பொம்பளைக்கு இதுவரைக்கும் வுட்டதில்லைங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பியிருந்தாள். ஆவணியில் வர ஒரு பேங்க்காரர் குடும்பமும் கேட்டிருந்தது. இன்று ஆனி கடைசி நாள். விடிந்தால் ஆடி, ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். இன்று பதில் வராவிட்டால் வீடு போனதுதான்.

"வாங்க, வாங்க! போண்டா வேறயா? இருங்க, டீ போடறேன்" என்று அடுப்பில் பாலை வைத்தாள் ஜெயசித்ரா. அடுப்பு இரண்டு முறை துள்ளி அணைந்துவிட்டது. "இந்த சிலிண்டருக்கு இப்பத்தான் உசுரு போவணுமா! மேல வெள்ளையடிச்ச ஆளுங்க வச்ச சின்ன அடுப்பு கெடக்கு, வாங்க."

மாடியில் கலையரசிதான் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் காயட்டும் என்று இருவரும் பால்கனிக்கு வந்தார்கள். கீழே ஒரு ஸ்கூட்டர் வளைந்து வளைந்து வந்தது. ஓட்டியவள் மருந்துக்கடை லாவண்யா, கலையரசியின் மாணவி.

"அக்கா! தனியா வந்துட்டேன் பாருங்க!" என்று ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள்.

"கைய வுடாதடி! ரெண்டு கையும்! ரெண்டு கையும்!"

இஸ்திரிக்காரர் வண்டியோடு சாக்கடை ஓரத்துக்கு ஒதுங்கினார். லாவண்யா அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் கையைத் தூக்கினாள். ஜெயசித்ரா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு.

உள்ளே சுர்ரென்று சத்தம் கேட்டது.

"ஐயய்யோ, பாலு!" கலையரசி ஓடிப்போய் அணைத்தாள். பின்னாலேயே வந்த ஜெயசித்ராவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எந்தப் பக்கம் பொங்குச்சு?"

"கெழக்கங்க."

வெள்ளையடித்த காலி வீடு. ஆனி கடைசி நாள். வீடு கேட்டு வந்தவள் பற்றவைத்த அடுப்பில், பால் கிழக்கே பொங்கி வழிந்திருக்கிறது. குடிபோகிறவர்கள் நாள் பார்த்துச் செய்வதை இவர்கள் டீக்காகச் செய்துவிட்டார்கள்.

"இது டீக்கு வச்ச பாலுங்க, கணக்குல வராது" என்றாள் கலையரசி, வரக் கூடாதா என்ற குரலில். "யாருக்குக் குடுக்கணுமோ குடுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

கீழிருந்து ஜெயசித்ராவின் கணவர் பாலசுந்தரம் கத்தினார். "என்னடி அங்க சத்தம்?"

ஜெயசித்ரா கலையரசியை ஒரு முறை பார்த்தாள். "பால் காய்ச்சியாச்சுங்க!"

"யாரு?"

"மாடிக்கு வர்றவங்கதான்!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! சக்கரையாச்சும் போட்டீங்களா?"

"அவரு கெடக்குறாரு" என்றாள் ஜெயசித்ரா. "தனியா தனியான்னு நாந்தான் பயந்துட்டேன். தெருவுல போறவ எல்லாம் ஒங்கள அக்காங்குறா. ஆனா ஒண்ணு, எனக்கும் வண்டி கத்துக்குடுக்கணும். இந்த மனுசன் இத்தன வருசமா, பின்னால ஒக்காருன்னே சொல்லிக்கிட்டிருக்காரு."

"இதோ வரேங்க" என்று கலையரசி விறுவிறுவென்று கீழே இறங்கினாள். கேட் ஓரம் விட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினாள். மேல் வாசலுக்கு வெளியே, சுவரை ஒட்டி, ஜோடியாகச் சேர்த்து வைத்தாள்.