கல்லெறிய எண்பது பேர் வேண்டும்

படத்தில் கதாநாயகிக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவதுதான் என் தொழில். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் எனக்கு ஏச்சு மட்டும் நிச்சயம். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு வேன் ஆள் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

சமீபத்தில் பரமத்தி வேலூரில் ஒரு படப்பிடிப்பு. பேசும்படம் வந்த புதிதில் நடக்கிற கதை. பெயர்பெற்ற பாட்டுக்கார நடிகர் ஒருவர் திடீரென்று காணாமல் போகிறார். கூட நடித்தவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று ஊரே அவளைத் தூற்றுகிறது. நிஜமாக என்ன நடந்தது என்பதை டைரக்டர் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கோ அது தெரியாமல் சோறு இறங்கவில்லை.

பதினோரு மொட்டை

அந்தக் காலத்து ஆள் என்றால் ஓரம் வழித்த கிராப்பு ஆகாது. முப்பது ஆண்களிடம், ரெண்டு மாதத்துக்கு சலூன் பக்கமே போகக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தேன். ஒருவரும் போகவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன். படப்பிடிப்பன்று வேன் கதவைத் திறந்தால் பதினோரு மொட்டை, சந்தனம் பூசிக்கொண்டு இறங்குகிறது.

முதல் படமாச்சே, நல்லபடியாக அமையட்டும் என்று எல்லோருமாகப் பேசிவைத்துக் குலசாமி கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார்கள். டைரக்டர் பார்த்த பார்வையில் நான் பாதி ஆளாகிவிட்டேன். தலைப்பாகைத் துணி தேடி ஊரெல்லாம் ஓடினோம். அவர்களில் மூத்தவரான குப்புசாமி அண்ணன் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. “ஏனுங்க, சாமிக்கு முடி குடுக்காம சினிமாவுக்கு எப்படிங்க வாறது?”

நாலே வரிப் பத்திரிகை

மறுநாள், நடிகையைப் பற்றி வந்த மஞ்சள் பத்திரிகையைக் கூட்டம் பிடுங்கிப் பிடுங்கிப் படிக்கிற காட்சி. தலைப்பைப் பெரிதாக அச்சடித்துவிட்டு, கீழே அதே நாலு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பக்கத்தை நிரப்பியிருந்தார்கள். கேமராவுக்கு அது போதும். சரசுவுக்குப் போதவில்லை. எருமப்பட்டியில் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற சரசு, கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. மகளை மேச்சேரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போனவர்கள், மூன்று வாரமாகப் போனையே எடுக்கவில்லை. பொண்ணோட அம்மா சினிமாக்காரங்களோடு சுத்துது என்று எவனோ ஓதியிருக்கிறான். ரெண்டு மாதம் முன்பே அவளைக் கூட்டத்துக்குப் பேசிவைத்தவன் நான். எனக்கு உறுத்தலாக இருந்தது. அவள் பத்திரிகையை மடித்து என் கையில் கொடுத்தாள். “கொட்ட எழுத்துல தலைப்பு இருக்குதுங்ண்ணா, உள்ள சேதியே இல்ல. ஆனா எல்லாரும் படிச்சுப்போட்டாப்பல தலையாட்டறாங்க பாருங்க.”

கல்

மூன்றாம் நாள் பெரிய காட்சி. நடிகையின் காரை எண்பது பேர் மறித்துக் கல்லெறிய வேண்டும். கல்லெல்லாம் தெர்மாகோல். முன்வரிசையில் நிற்கும் சரசுவுக்கு ஒரு வசனமும் உண்டு: “குடியக் கெடுத்தவளே, ஊர விட்டுப் போ!” காலையிலிருந்து அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா மேச்சேரியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். சினிமா என்றால் என்னதான் என்று நேரில் பார்த்துவிட வந்தாராம். சம்பந்தியாக வரவேண்டியவள் நடுத்தெருவில் கல்லும் கையுமாக நிற்கப்போகிறாள். தடுக்கவும் வழியில்லை, கேமரா தயார். என் நாற்காலியை அந்த அம்மாவுக்குப் போட்டேன்.

கார் வந்தது. கூட்டம் கத்தியது. சரசு கையை ஓங்கிக்கொண்டு கார்க் கண்ணாடிவரை போனாள். நின்றாள். “நெசமாலுமே நீதான் பண்ணுனியா? இல்லீன்னா சொல்லு சாமி, நான் கல்லக் கீழ போட்டர்றேன்” என்றாள். காருக்குள்ளிருந்த நடிகைக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. சரசு கல்லைக் கீழே போட்டாள். பின்னால் இருந்தவர்களும் எறிய மறந்து நின்றுவிட்டார்கள். போச்சு, இனி இந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடாது என்று நினைத்தேன். டைரக்டர் ரொம்ப நேரம் கழித்துத்தான் கட் சொன்னார். அப்புறம் இதுவே இருக்கட்டும் என்றார். வசனம் மறந்துவிட்டதா என்று கேட்டேன். “மறக்கலைங்ண்ணா. அந்தப் புள்ள மொகத்தப் பாத்துட்டு வாயில வரல.”

நாற்காலியில் இருந்தவர்

மாப்பிள்ளையின் அம்மா எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. இது நடிப்புதானுங்க, தப்பாக நினைக்காதீங்க என்று நான் ஏதேதோ உளறினேன். அவர் என்னைப் பார்க்காமல் சரசுவையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “நாலு பேரு சொன்னதக் கேட்டுட்டு நாங்க போனையே எடுக்காம உட்டுட்டமுங்க. வெள்ளிக்கெழம பொண்ணுக்குப் பூ வெக்க வாரோம், அந்தம்மாகிட்ட நானே போயிச் சொல்றேன்.”

அந்த நடிகர் எங்கே போனார் என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியாது. எண்பது பேரைக் கூட்டிவந்த நானும் படம் வந்தால் டிக்கெட் எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.